வலமாக வந்த கரண்ட்

என் இரண்டு கிரைண்டர் மோட்டாரையும் எரித்தது என் ஹவுஸ் ஓனர்தான். தெருக் கம்பத்தில் வந்த கரண்ட் நல்ல கரண்ட். உளுந்து நல்ல உளுந்து. நடுவில் நின்று கெடுத்தவர் அவர்.

வீட்டுக்காரர் என்று எழுதினால் என் புருஷன் என்று படித்துவிடுவீர்கள். அந்த மனுஷன் பாவம், ஒரு பல்பைக்கூட எரித்துப் போட்டதில்லை. அதனால் ஹவுஸ் ஓனர் என்றே எழுதுகிறேன். ஏதோ ஒரு அரசாங்க ஆபீஸில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்து ரிட்டயர் ஆனவர். இப்போது எங்கள் தெருக்காரர்கள் சங்கத்துக்குச் செயலாளர். மற்றபடி கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டு ஒரே நாளில் முடித்திருப்பேன்.

நான் இட்லி மாவு அரைத்து விற்பவள். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் இருக்கிற மெஸ்கள், தங்கும் விடுதிகள், வெள்ளைக்காரர்கள் தோசையை ஃபோர்க்கால் குத்திக் குத்திச் சாப்பிடுகிற கஃபேக்கள், எல்லாவற்றுக்கும் காலையில் என் மாவு போகும். என் புருஷன் ஆட்டோவில் கொண்டுபோய்க் கொடுப்பார். போர்டு கிடையாது, நோட்டீஸ் கிடையாது. வேங்கிக்கால் அக்கா மாவு என்றால் தெரியும். அந்தப் பேச்சு ஒன்றுதான் என் முதல். இட்லி ஒரு நாள் கல்லானால் அந்த முதல் போய்விடும். மாவு விற்கிறவளுக்கு மறுவாய்ப்பு கிடையாது.

வேங்கிக்காலில் அரசு ஆபீஸ்களுக்குப் பின்னால் புதிதாக வந்த தெருக்களில் ஒன்றில் இந்த வீடு. கிரைண்டர் என்று சொன்னாலே யாரும் இடம் தர மாட்டார்கள். சத்தம் வருமாம். ஊரெல்லாம் இட்லி தின்பார்கள், அரைக்கிற சத்தம் மட்டும் ஆகாது. அலைந்து அலைந்து இந்த இடம் கிடைத்தது. முன்பக்கம் ஓனர் குடும்பம். பின்பக்கம் இரண்டு அறை எங்களுக்கு. வடக்குப் பக்கம் ஒரு தகர ஷெட், அதில் என் இரண்டு கிரைண்டர்.

வயர் விஷயம் புரிய வேண்டுமென்றால் வீடு எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும். வீடு கிழக்குப் பார்த்தது. கிழக்குச் சுவரில், வடக்கு மூலைக்குப் பக்கத்தில், மீட்டர் பெட்டி. அங்கிருந்து மூலை திரும்பினால் என் ஷெட். ஐந்து மீட்டர் தூரம். நாலு ஸ்கொயர் கனத்தில் வயர் ஒன்று ஏற்கெனவே அந்த ஐந்து மீட்டரில் வந்துகொண்டிருந்தது. இரண்டு கிரைண்டரும் சேர்ந்து ஓடினால் சுமார் இருபது ஆம்பியர் இழுக்கும். அந்த வயரில் ஒரு வோல்ட் குறைந்தால் ஜாஸ்தி. சுவிட்சைத் தட்டினால் கல் அந்த நொடியே சுற்றும். மூன்று மாதம் இப்படி நிம்மதியாக அரைத்தேன்.

ஓனருக்கு ஒரு மகள். பெங்களூரில் வேலை. முப்பது வயது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை என்று அவருக்கு ராத்தூக்கம் கிடையாது. ஒரு நாள் வாஸ்து பார்க்கிறவர் ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் வாசலைப் பார்த்தார், சமையலறையைப் பார்த்தார், கிணற்றைப் பார்க்கக் கேட்டார். கிணறு இல்லை, போர்தான். போர் சரியான இடத்தில் இருந்தது. எல்லாமே சரியாக இருந்ததால் அவருக்கு வேலை இல்லாமல் போயிற்று. கிளம்பும்போது அவர் கண்ணில் என் வயர் பட்டது.

அவர் போன பிறகு ஓனர் ஷெட்டுக்கு வந்தார்.

"ஏம்மா, உன் ஷெட்டுக்கு வர்ற வயர் எந்தப் பக்கமா வருது?"

"நேரா வருது சார்."

"நேரான்னா?"

"மீட்டர்ல இருந்து ஷெட்டுக்கு சார். வேற எப்படி வரும்?"

"அதாவது, வீட்டை இடமா சுத்தி வருது."

எனக்குப் புரியவில்லை. அவர் விரலால் காற்றில் வரைந்து காட்டினார். கோயிலை வலம் வருவதுபோல வீட்டை வலம் வந்தால் கிழக்கு, அப்புறம் தெற்கு, மேற்கு, கடைசியில்தான் வடக்கு. என் கரண்ட் கிழக்கில் கிளம்பி நேராக வடக்கில் நுழைகிறது. எதிர்ப்பக்கம்.

"பௌர்ணமிக்கு அத்தனை ஜனம் மலை சுத்துதே, ஒருத்தராவது எதிர்ப்பக்கமா நடந்து பாத்திருக்கியா?"

"நடந்தா முட்டிக்குவாங்க சார்."

"அதான்மா! உன் கரண்ட் தெனம் முட்டிக்கினு வருது. எம் பொண்ணு கல்யாணமும் முட்டிக்கினு நிக்குது."

நான் கையில் மாவோடு நின்றேன். உங்க வீட்டுக் கரண்ட் எப்படிப் போகுது சார் என்று கேட்டேன். அவர் மெயின் போர்டு மீட்டருக்குத் தெற்கே, நாலு மீட்டரில் இருந்தது. வலம். யாரோ ஒரு கொத்தனார் வசதிக்காக வைத்த இடம். அதனால் அவருக்கு நாலு மீட்டர். எனக்கு வீட்டையே சுற்றிக்கொண்டு வர வேண்டும்.

மறுநாள் எலக்ட்ரீசியன் வந்தான். ஓனரின் வீட்டு வேலை முழுக்க அவன்தான் செய்வான், அவர் சிபாரிசில் தெருவிலும் பாதி வீடு அவனுக்கு. ஆகவே அவர் முன்னால் அவனுக்கு வாய் பாதிதான் திறக்கும். ஓனர் வயரைக்கூட வாங்கி வைத்துவிட்டார். பழையதைவிட மெலிசு, ரெண்டரை ஸ்கொயர். கரண்ட் வருகிற ஃபேஸுக்கு ஒரு காயில், திரும்பிப் போகிற நியூட்ரலுக்கு ஒரு காயில். காயில் என்றால் தொண்ணூறு மீட்டர். வாஸ்துக்காரர் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: காயிலை நடுவில் வெட்டக்கூடாது, வெட்டினால் வரப்போகிற சம்பந்தம் வெட்டிப்போகும்.

எலக்ட்ரீசியன் டேப் பிடித்து அளந்தான். மீட்டரில் இருந்து வலமாகச் சுற்றி ஷெட்டுக்கு நாற்பது மீட்டரும் சொச்சமும். மீதி ஐம்பதுக்குக் கொஞ்சம் கம்மி கையில் நிற்கும். வெட்டக்கூடாது. அப்போது ஓனரே வழி கண்டுபிடித்தார்.

"இன்னொரு சுத்து சுத்திடு."

சுற்றிப் பார்த்தால் காயில் சரியாக ஷெட் வாசலில் வந்து முடிந்தது. இரண்டு சுற்றுக்கு ஐந்து மீட்டர்தான் குறைவு. ஓனர் மீட்டர் பெட்டியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "பாத்தியாப்பா! ஒரு ஜாண் கூட வெட்டல. இது மனுஷன் போட்ட கணக்கா?"

கம்பெனிக்காரன் போட்ட கணக்கு என்று நான் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

எலக்ட்ரீசியன் காயில் வந்த அட்டைப் பெட்டியின் மூடியில் பேனாவால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். போக தொண்ணூறு, வர தொண்ணூறு, மொத்தம் நூற்றெண்பது மீட்டர். ரெண்டரை ஸ்கொயரில் அத்தனை நீளத்துக்கு தடை ஒன்றேகால் ஓமுக்கு மேல். ஒவ்வொரு பத்து ஆம்பியருக்கும் பதிமூன்று வோல்ட் வழியிலேயே போய்விடும்.

"சார், ரெண்டு கிரைண்டர் ஓடுனா இருவத்தாறு வோல்ட் அவுட்டு சார். ஸ்டார்ட் ஆவும்போது இன்னும் ஜாஸ்தி. ஒரே மோட்டார் கெளம்புனாலும் அஞ்சு மடங்கு இழுக்கும். அறுவது வோல்ட் போயிடும்."

"இந்த வயர் இருவது ஆம்பியர் தாங்குமா, தாங்காதா?"

"தாங்கும் சார், ஆனா தூரம்..."

"தாங்கும்ல? போடு."

எல்லாரும் இந்த ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வயர் எரியாமல் இருப்பது வேறு, கரண்ட் வந்து சேர்வது வேறு. ஆம்பியரைப் பார்த்து வயர் வாங்குவார்கள், தூரத்தைப் பார்க்க மாட்டார்கள். நான் அந்த அட்டையைப் பிடுங்கிப் படித்தேன். எட்டாவது வரை படித்தவள் நான், பெருக்கல் தெரியும். சுற்றித்தான் வர வேண்டுமென்றால் பத்து ஸ்கொயர் போடு, பதிமூன்று வோல்ட் மூன்றாகிவிடும் என்று அவன் வாயில் இருந்தே வரவழைத்தேன். அவன் பையில் இருந்த பத்து ஸ்கொயர் துண்டை ஓனர் கையில் வளைத்துப் பார்த்தார். மூலையில் அழகாகத் திரும்பாது, முரட்டு வயர், வீட்டுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார்.

எலக்ட்ரீசியன் கடைசியாக ஒரு தைரியம் செய்தான். "சார், ஏசி கரண்ட்டுக்கு வலம் இடம்லாம் கெடையாது சார். இந்தப் பக்கம் போவும், அந்தப் பக்கம் வரும். செகண்டுக்கு அம்பது தடவ."

ஓனர் கையில் இருந்த வயரைக் கீழே வைத்தார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

"செகண்டுக்கு அம்பது தடவையா? நம்ம வீட்டையா?" என்றார். கண் கலங்கியிருந்தது. "போடுப்பா, போடு."

பச்சை வயர் மட்டும், எர்த்துக்குப் போகிறது, பழையபடி நேராக ஐந்து மீட்டரில் போயிற்று. அது பூமாதேவிக்குப் போகிறதாம், அதற்குச் சுற்று வேண்டாமாம்.

அன்று சாயங்காலம் கிரைண்டர் சுவிட்சைத் தட்டினேன். கல் சுற்றவில்லை. உம் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஷெட்டு பல்பு மஞ்சளாகி மஞ்சளாகிச் சிவந்தது. நான் இரண்டு கையாலும் டிரம்மைப் பிடித்துத் தள்ளினேன். என் புருஷன் ஓடிவந்து தள்ளினார். ஆட்டோவைத் தள்ளி ஸ்டார்ட் செய்வதுபோல. இரண்டு சுற்று சுற்றின பிறகுதான் மோட்டாருக்கு உயிர் வந்தது. அன்றிலிருந்து தினமும் அதே கதைதான். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், இருவரும் ஆட்டுக்கல்லைக் கட்டிக்கொண்டு ஆடுகிற மாதிரி. தெருப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தன.

ஓனரும் வந்து பார்த்தார். கையைத் தூக்கி வயரைத் தொட்டார். "சூடாவுதா? இல்லையே. அப்புறம் இன்னா?" என்றார். பிறகு டிரம்மைக் குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, இது எந்தப் பக்கமா சுத்துது?"

"மேல இருந்து பாத்தா ஒரு பக்கம், கீழ இருந்து பாத்தா இன்னொரு பக்கம் சார். நீங்க எங்க இருந்து பாக்கறீங்க?"

யோசித்துக்கொண்டே போனார். அந்த ஒரு தடவைதான் நான் தப்பித்தேன்.

லோ வோல்ட்டேஜ் என்று நான் கத்தின கத்தலுக்கு ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிவந்து வைத்தார். இதற்கு நான் நன்றி வேறு சொல்ல வேண்டியிருந்தது. ஸ்டெபிலைசர் எங்கிருந்தோ புதிதாகக் கரண்டைக் கொண்டுவருவது இல்லை. வோல்ட்டேஜைத் தூக்க இன்னும் ஜாஸ்தி ஆம்பியர் இழுக்கும். ஜாஸ்தி ஆம்பியர் இழுத்தால் அந்த நூற்றெண்பது மீட்டரில் இன்னும் ஜாஸ்தி வோல்ட் போகும். அப்புறம் ஸ்டெபிலைசர் இன்னும் தூக்கப் பார்க்கும். டக், டக், டக் என்று பல்லி மாதிரி அடித்துக்கொண்டே இருந்தது. ஓனர் அந்தச் சத்தத்தை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டார்.

என் புருஷன் வேறு வீடு பார்க்கலாம் என்றார். "விடும்மா, அவர்கிட்ட இன்னாத்துக்கு மல்லு கட்டிக்கினு." வேறு வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவர் ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அதனால் நான் ஓனரின் வழியிலேயே போய் மடக்கலாம் என்று ஒரு யோசனை செய்தேன்.

"சார், ஃபேஸ் வலமா வருது. சரி. ஆனா அதே கரண்ட் நியூட்ரல்ல திரும்பிப் போவுதே, அது வந்த வழியே போவுது. அப்ப அது இடம்தானே?"

அவர் முகம் மாறிவிட்டது. நான் விடவில்லை.

"வலமாவே போவணும்னா ஷெட்டுல இருந்து அப்படியே முன்னால போயி மீட்டர்ல சேரணும். மிச்சம் இருக்கற அஞ்சு மீட்டர். சுத்து பூர்த்தி ஆயிடும் சார்."

நான் சொன்னது அவர் கணக்கிலும் சரி, என் கணக்கிலும் சரி. நியூட்ரல் நேராகப் போனால் பதிமூன்று வோல்ட் ஏழாகக் குறையும். பாதி உயிர் திரும்பும். ஓனர் ஆடிப்போய் உடனே வாஸ்துக்காரருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார். நானும் கேட்டேன். வாஸ்துக்காரர் கொஞ்சமும் தயங்கவில்லை.

"ஃபேஸும் நியூட்ரலும் புருஷன் பொண்டாட்டி சார். பொண்டாட்டி தனி வழியில வூட்டுக்குப் போனா அது குடும்பமா சார்? கல்யாண வூட்டுல இதப் பேசலாமா?"

முடிந்தது. நியூட்ரல் புருஷன் பின்னால் வீட்டைச் சுற்றிக்கொண்டே இருந்தது. அடுத்த வாரம் என் முதல் கிரைண்டர் மோட்டார் புகைந்தது. உள்ளே இருக்கிற செப்புக் கம்பிச் சுருள் கருகிப்போய்க் கடையில் கிடந்தது.

அது கிடந்த வாரமே ஓனர் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தது.

தெருவே வயரைப் பார்க்க வந்தது. ஓனர் ஒவ்வொருவரையும் கூட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றினார், வயர் போன வழியே, வலமாக. வயர் முடிகிற இடம் அதுதான் என்பதால் வந்தவர்கள் எல்லாரும் கடைசியில் என் ஷெட்டு வாசலில் வந்து நின்றார்கள். மீட்டர் பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். எதிர்வீட்டு வாத்தியாரும் தன் போர் மோட்டார் லைனை வலமாக மாற்றிக்கொண்டார். அவர் தொட்டி இப்போது நிரம்புவதே இல்லை. கேட்டால், தண்ணி கம்மியா வருது, ஆனா சாந்தமா வருது என்கிறார்.

மகள் ஊருக்கு வந்தபோது ஷெட்டுக்கு வந்தாள். அக்கா அக்கா என்று என்னிடம் நன்றாகப் பேசும் பெண். நான் மேலே ஓடுகிற வயரைக் காட்டினேன்.

"உன்னாலதாம்மா நான் கல்லைக் கையால தள்ளிட்டு இருக்கேன்."

"ஐயோ அக்கா. நானும் அவரும் மூணு வருஷமா பேசிட்டுதான் இருக்கோம். ஒரே ஆபீஸ். அப்பாவே தேடிக் கண்டுபுடிச்ச மாதிரி இருக்கணும்னு அவரோட சித்தப்பா மூலமா ஜாதகத்த அனுப்ப வெச்சோம். அப்பாகிட்ட இப்ப சொல்லிடாதீங்க. கல்யாணம் ஆனதும் நானே சொல்றேன்."

நான் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவளே அப்பாவிடம் சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் உனக்கு அந்த எண்ணம் வந்ததே இந்த வயரால்தான் என்றாராம் அவர். வயரே இப்பத்தானேப்பா போட்டீங்க என்று கேட்டாளாம். கரண்ட்டுக்கு முன்னால பின்னால கிடையாதும்மா, ஏசி, என்றாராம்.

கல்யாணம் நிச்சயமானதால் முகூர்த்தம் முடிகிற வரை யாரும் அந்த வயரைத் தொடக்கூடாது என்று ஆயிற்று. கல்யாண மண்டபத்தில் காலை டிபனுக்கு இட்லி மாவு என்னிடம்தான் என்றார் ஓனர். சாதாரணமாக இது எனக்குப் பெருமை. இரு குடும்பம், அத்தனை சொந்தக்காரர், செங்கம் ரோட்டு மெஸ்காரர் ஒருவரும் அவருக்கு வேண்டியவர் என்பதால் வருவார். நான் சந்தோஷமாக, என் அக்கா வீட்டில் ஒரு கிரைண்டர் இருக்கிறது, அங்கே அரைத்து எடுத்துவருகிறேன் என்றேன்.

"இன்னாம்மா பேசற? இந்தக் கரண்ட்லதான் அரைக்கணும். அதுக்குத்தானே உங்கிட்ட குடுக்கறேன்."

"அப்ப ஒரே ஒரு நாள் பழைய வயர்ல போட்டுக்கறேன் சார்."

"வேணாம்."

"ஜெனரேட்டராவது வெச்சுக்கறேன்."

"ஜெனரேட்டர் கரண்டும் சுத்திதான் வரணும்."

முடியாது என்று சொன்னால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார். காலி செய்தால் எங்கே வைத்து அரைப்பது. சரி, ஒரே கிரைண்டர்தானே, பொறுமையாக ஓட்டுவோம் என்று ஒத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம். அரிசி ஊறியிருந்தது, உளுந்து ஊறியிருந்தது. அரிசியை எப்படியோ முடித்தேன். உளுந்து போட்டு ஆரம்பிக்கும்போது கல் திடீரென்று தளர்ந்தது. வெளியே வந்து பார்த்தால், வீட்டுக்குப் போட்ட சீரியல் செட்டு, பந்தல் லைட்டு, விருந்தாளிகள் குளிக்க வைத்த கீசர், எல்லாவற்றையும் எலக்ட்ரீசியன் என் ஷெட்டில் இருந்து இழுத்துக் கொடுத்திருக்கிறான். பட்டப்பகலில் சீரியல் செட்டு எரிகிறது. வலம் வந்த கரண்ட்தான் கல்யாணக் காரியத்துக்கு ஆகும் என்று ஓனர் சொன்னாராம். நாலு மீட்டரில் அவர் போர்டு சும்மா இருந்தது.

நான் போட்ட சத்தத்தில் ஓனர் வந்தார். எலக்ட்ரீசியனிடம் வோல்ட் பார்க்கிற மீட்டர் ஒன்று உண்டு, கையடக்கமானது, முள் இல்லை, எண் வரும். அதைப் பிடுங்கி ஷெட்டுப் பிளக்கில் செருகினேன். மோட்டார் உம் என்று முனகிக்கொண்டிருந்தது.

"படிங்க சார். நீங்களே படிங்க."

கண்ணாடியை நெற்றியில் இருந்து இறக்கினார். வாய்விட்டுப் படித்தார். எலக்ட்ரீசியன் கேட்டான், என் புருஷன் கேட்டார், நான் கேட்டேன். நூற்றைம்பத்திரண்டு.

"தெருவுல எவ்ளோ இருக்குது தெரியுமா சார்? எரநூத்து இருவத்தஞ்சு. மிச்சம் எழுவத்து மூணு வோல்ட் உங்க வீட்டை சுத்தியே செத்துப்போச்சு."

"நம்பிக்கையா இரும்மா, ஓடும்," என்றார்.

ஓடவில்லை. உளுந்து பாதி அரைபட்டிருக்கும்போது இரண்டாவது மோட்டாரும் புகைந்தது. அந்த வாடை மாவில் ஏறாமல் டிரம்மில் இருந்து வழித்தெடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வெளியே கொண்டுபோய் அரைக்க ஓனர் விடவில்லை. மீதி உளுந்தை அவர் வீட்டுச் சமையலறையில், அவர் சம்சாரம், நான், இன்னும் இரண்டு பெண்கள், நாலு மிக்ஸியில் போட்டு அரைத்தோம். மிக்ஸி உளுந்தைச் சூடாக்கும், மாவு பொங்காது, இட்லி உட்காரும். இட்லி சாப்பிடுகிற எல்லாருக்கும் இது தெரியும். ஓனர் சம்சாரமே வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

காலையில் மண்டபத்தில் இட்லி உட்கார்ந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் இட்லியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பந்தியில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஓனர் சொன்னார்:

"மன்னிச்சுக்கணும். நம்ம வீட்டுல ஒரு அம்மா மாவு அரைக்குது, பாவமேன்னு குடுத்தேன். கைப்பக்குவம் பத்தல."

நான் சட்னி வாளியோடு அங்கேயே நின்றேன். செங்கம் ரோட்டு மெஸ்காரர் அந்தப் பந்தியில் மூன்றாவது இலை. மறுநாள் காலை என் புருஷன் மாவு கொண்டுபோனபோது, ஒரு வாரம் நிறுத்திக்கலாம்ணா என்றிருக்கிறார். அதைக் கேட்டு அடுத்த கஃபேவும் நிறுத்திவிட்டது. இப்போது நான் அக்கா வீட்டுக் கிரைண்டரில், பழைய மாதிரியே, பஞ்சுபோல அரைக்கிறேன். வாங்கத்தான் ஆள் பாதியாகிவிட்டது.

கல்யாணம் முடிந்து ஒரு வாரம் கழித்து ஓனரிடம் போனேன். "முகூர்த்தம் நல்லபடியா முடிஞ்சுது சார். வயரைக் கழட்டலாமா?"

"ஒரு பேரன் பொறக்கட்டும்மா," என்றார்.

"மண்டபத்துல சொன்னீங்களே, கைப்பக்குவம்னு. அத மாத்தி சொல்லுங்க சார்."

"அப்ப நான் சுத்தவிட்ட வயர் தப்புன்னு சொல்லச் சொல்றியா? பொண்ணு புகுந்த வீட்டுல இன்னா நெனைப்பாங்க?"

அவர் மகள் நன்றாக இருக்கட்டும். நானும்தான் அட்சதை போட்டேன். பேரன் பிறக்கட்டும், பேத்தி பிறக்கட்டும். அதற்காக என் கையை ஏன் சபையில் வைத்துக் கொன்றீர்கள்? இரண்டு பேர் இருக்கிற அறையில் என்னிடம் சமாதானம் சொல்வது எனக்கு வேண்டாம். சபையில் போனதை சபையில்தான் கொடுக்க வேண்டும்.

சார், வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார் கோயில் முன்னால் தெருக்காரர்கள் கூட்டம். செங்கம் ரோட்டு மெஸ்காரரை நானே போய் வரச் சொல்லியிருக்கிறேன். எலக்ட்ரீசியனும் வருவான், வராவிட்டால் இழுத்துவருவேன். வாஸ்து பற்றி நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். உங்கள் வயரைக் கழற்றச் சொல்லவும் மாட்டேன். ஒரே ஒரு கேள்வி. பந்தியில் எந்தக் குரலில் பேசினீர்களோ அதே குரலில், எல்லாருக்கும் கேட்கும்படி எழுந்து நின்று பதில் சொல்லுங்கள். அந்த மத்தியானம் என் ஷெட்டில், கண்ணாடியை இறக்கிக்கொண்டு, நீங்கள் உங்கள் வாயால் படித்தது எத்தனை வோல்ட்?